வாடகைக்குப் போன அறை

அந்தக் குடும்பத்தில் எதையும் செய்து முடித்துவிட்டுத்தான் சொல்வார்கள். செய்யப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லும் கெட்ட பழக்கம் யாருக்கும் கிடையாது. இதற்கு அஸ்திவாரம் போட்டவர்கள் அப்பாவும் அம்மாவும்தான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்த பிறகுதான், தங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்ட சேதியை இரண்டு வீட்டுக்கும் போன் பண்ணிச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஏக ரகளை. ஆனால் நடந்து முடிந்த காரியத்தை யாரால் என்ன செய்ய முடியும்? அந்த ருசி அவர்களை அதற்குப் பிறகு விடவில்லை. அப்பா கடையை வேறு தெருவுக்கு மாற்றியது, புதுப் பலகை மாட்டிய பிறகுதான் அம்மாவுக்குத் தெரியும். அம்மா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டது, அவள் ஒரு வாரம் இடது பக்கமாகவே மென்றதைப் பார்த்துத்தான் அப்பாவுக்குத் தெரியும். அம்மா வேலை பார்ப்பதே பல் ஆஸ்பத்திரியில் என்பதால் காரியம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்திருந்தது.

இந்த வம்சத்துக்கு ஒரே வாரிசு ஜட்ஜம்மா. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வரும்போதெல்லாம் முக்காலியில் ஏறி நின்று, "ரெண்டு பேருமே தப்பு, போய்ப் படுங்க" என்று ஐந்து வயதிலேயே தீர்ப்புச் சொன்னதால் வந்த பெயர். இப்போது வயது இருபது. முக்காலி தேவைப்படாத அளவுக்கு வளர்ந்துவிட்டாள். தீர்ப்புச் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தால் வரும் பெரிய நகரத்தில், செயற்கைக் கை கால் செய்யும் படிப்பில் இரண்டாவது ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். சொந்த ஊரில் அந்தப் படிப்பு இல்லை. அப்பா சோபா தைப்பவர். ரெக்சினுக்கும் ஃபோமுக்கும் நடுவில் வளர்ந்தவளுக்கு, ஒரு பொருள் உடம்பில் எங்கே தாங்கும், எங்கே உறுத்தும் என்பது பாடம் படிக்கும் முன்பே கொஞ்சம் பிடிபட்டிருந்தது. போன மாதம் முதல்முறையாக ஒரு செயற்கைக் காலை முழுவதும் தன் கையாலேயே செய்தாள். முழங்காலுக்குக் கீழே காலை இழந்திருந்த ஒரு காவலாளிக்கு. மிச்சமிருந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அந்த அச்சை அரத்தால் இழைத்து இழைத்து, கை தோலுரிய வேலை செய்தாள். அவர் அதை மாட்டிக்கொண்டு கல்லூரிப் பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். நடந்து முடித்து, "கிறீச்சுனு சத்தம் வருதும்மா. ரோந்து போனா திருடன் உஷாராயிடுவான்" என்றார். சத்தத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்பதால் வந்த அழுகை அது.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் கண் பட்டது. கண் பட்டது போன் வழியாக. அப்பாவின் அக்காவுக்குக் குடும்பத்தில் வானொலி என்று பெயர். அவளிடம் ஒரு சேதி போனால் அது இரண்டு மடங்காக வீங்கித்தான் வெளியே வரும். "உங்கப்பாவுக்குத் தோள்பட்டை போச்சு. கையே தூக்க முடியல. உங்கம்மாதான் ஊட்டி விடறா. கடையில பாதி நாள் ஷட்டர் இறங்கியே கிடக்கு. உன் படிப்புக்குக் கஷ்டம் வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல. நானும் சொல்லலைன்னு வெச்சுக்க" என்று அத்தை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

ஜட்ஜம்மா உடனே அம்மாவுக்குப் போன் பண்ணிப் பூசி மெழுகிக் கேட்டாள். அம்மா அதைவிடப் பூசி மெழுகிப் பதில் சொன்னாள். வேறென்ன செய்வது, குடும்ப வழக்கப்படி காரியத்தில் இறங்கினாள். சொந்த ஊர்க் கல்லூரிக்கு எழுதிப்போட்டு இயற்பியலில் ஓர் இடம் வாங்கினாள். இயற்பியல்மேல் ஆசை ஒன்றுமில்லை. அங்கேதான் இடம் இருந்தது. இதுவரை படித்ததில் பாதியைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். மீதிப் பாதி போனது போனதுதான். விடுதிச் செலவு இல்லை, பஸ் செலவு இல்லை, காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் அப்பாவுக்குக் கடையில் ஒத்தாசை. விடுதிக் கட்டிலைக் காலி செய்து, இரண்டு பெட்டிகளோடு கிளம்பிவிட்டாள்.

ஒரு காரியம்தான் பாக்கி. பழைய கல்லூரியில் இடத்தை விட்டுக்கொடுக்கும் தாளில் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். அதைக் கொடுத்துவிட்டால் மறுபடி உள்ளே நுழைய வழியில்லை. இந்தக் குடும்பத்தின் வழக்கத்தைக் கல்லூரிக்காரர்கள் அறியவில்லை. அறிந்திருந்தால் இப்படி ஒரு விதியைப் போட்டு அவள் வாயைத் திறக்க வைத்திருக்கமாட்டார்கள்.

பஸ்ஸில் வசனத்தைத் தயார் செய்தாள். "எனக்கு அந்தப் படிப்பு அவ்வளவா பிடிக்கலப்பா" என்று ஆரம்பிப்பாள். அம்மா அழுவாள். அப்பா கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்பார். அவள் அமைதியாக, முதிர்ச்சியாக, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். தியாகம் செய்பவர்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று எங்கிருந்து கற்றுக்கொண்டாளோ. பாதி வழியில் தன் வசனத்தைக் கேட்டுத் தானே கண் கலங்கினாள்.

வீட்டுக்கு வந்து சேரும்போது காலை ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது. சாவியைப் போட்டால் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். தலையில் ஈரத் துண்டு கட்டிய ஒரு பெண் கதவைத் திறந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் பல் துலக்கும் பிரஷ்.

"யாருங்க வேணும்?"

ஜட்ஜம்மா வீட்டு எண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இது எங்க வீடு."

"ஓ" என்ற அந்தப் பெண், பெட்டிகளையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கதான் ஜட்ஜம்மாவா? கால் செய்யற பொண்ணு? உங்கம்மா காலையில டீ போடும்போது உங்க கதைதான். உள்ள வாங்க. உங்க வீட்டுக்கு நான் வாங்கன்னு சொல்றேன் பாருங்க."

"நீங்க…"

"வாடகைக்கு வந்திருக்கேன். போன வாரம்தான் வந்தேன். வாசல் பக்கத்து ரூம்."

வாசல் பக்கத்து அறை ஜட்ஜம்மாவின் அறை. எட்டிப் பார்த்தாள். அவள் கட்டிலில் வேறொரு போர்வை. அவள் மேஜையில் விடைத்தாள் கட்டு. சுவரில் அவள் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள்.

"படத்தை எடுக்கட்டுமான்னு கேட்டேன். உங்கம்மா வேண்டாம்னுட்டாங்க. எனக்கும் பழகிடுச்சு" என்றாள் குடித்தனக்காரி. "லீவா?"

"லீவு மாதிரி. நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

அவள் சொன்ன பெயர், ஜட்ஜம்மா சேரப்போகும் கல்லூரியின் பெயர். பாடம் இயற்பியல். ஜட்ஜம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. தன் கட்டிலில் தூங்குபவளிடம் போய் வகுப்பில் கைகட்டி உட்கார வேண்டும், சாயந்தரம் இருவரும் ஒரே வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அதிலும் இவளுக்கு அறை இருக்காது. பஸ்ஸில் தயார் செய்த வசனத்தில் இந்தக் கட்டத்துக்கு வரி எதுவும் இல்லை.

பெட்டிகளை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை, கோபத்தில் இரண்டையும் இழுத்துக்கொண்டே கடைக்கு நடந்தாள். ஒரு பெட்டியின் சக்கரம் பாதி வழியில் கழன்றுகொண்டது.

கடையில் ஷட்டர் முழுசாகத் திறந்துதான் இருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து, ஒரு சோபாவின் அடிச்சட்டத்தில், ஃபோமைத் தாங்கும் நாடாவை அடித்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் சும்மா கிடக்க, இடது கையில் ஸ்டேப்ளர். யாரும் அவருக்கு ஊட்டிவிடுகிற மாதிரித் தெரியவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு அறை விஷயம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்; சிரிப்பு அப்படியே அசடு வழிந்தது.

"வீட்டுக்குப் போனியா?"

"போனேன்."

"மேடம் இருந்தாங்களா?"

"இருந்தாங்க. பல் தேய்ச்சிட்டிருந்தாங்க."

"நல்ல பொண்ணு" என்றார் அப்பா. ஸ்டேப்ளரை ஒருமுறை காற்றில் அழுத்தினார். "எதுக்கு ரெண்டு பெட்டி?"

"அம்மா வரட்டும்."

அப்பா போன் பண்ணினார். மதிய இடைவேளைக்குக் காத்திராமல் அம்மா ஆஸ்பத்திரி கோட்டோடு வந்து நின்றாள். அம்மா அங்கே வரவேற்பு மேஜையில் உட்காருபவள். பல்வலியோடு வருபவர்களிடம், நாளைக்குத்தான் டாக்டர் பார்க்க முடியும் என்று நாள் முழுக்க இனிக்க இனிக்கச் சொல்வது அவள் வேலை. அந்தக் குரலில் அவள் எதைச் சொன்னாலும் கேட்பவருக்கு நன்றி சொல்லத் தோன்றும். இன்று அந்தக் குரல் வரவில்லை. மகளைப் பார்த்ததும், "இளைச்சிட்ட" என்று மட்டும் சொன்னாள்.

உட்கார இடம் தேடினார்கள். கடையில் நாலு சோபா இருந்தது. நாலும் எலும்பும் தோலுமாக இருந்தன. நாடா மட்டும் கட்டி முடித்திருந்த ஒன்றில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஃபோம் இல்லாத சோபாவில் ஓரத்தில் உட்கார முடியாது. அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமிருந்தும் சரிந்து நடுவில் இருந்த மகள்மேல் வந்து விழுந்தார்கள். ஜன்னலைப் பார்த்துப் பேசும் திட்டம் அத்தோடு ஒழிந்தது.

"நான் காலேஜ் மாறப் போறேன்" என்றாள். "இங்கேயே சீட் வாங்கிட்டேன். ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டேன். அப்பா ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

"எப்ப வாங்கின?"

"போன மாசம்."

"சொல்லவே இல்ல" என்றாள் அம்மா.

"நீங்க ரூமை வாடகைக்கு விட்டதைச் சொன்னீங்களா?"

 அப்பா தன் கையிலிருந்த ஸ்டேப்ளரை ஏதோ புதுச் சாமான் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். குட்டு வெளிப்பட ஆரம்பித்தால் ஒன்றோடு நிற்குமா? அம்மா சனிக்கிழமையும் வேலைக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா ஸ்கூட்டரை விற்றிருந்தார். அது அம்மாவுக்கே இப்போதுதான் தெரிந்தது. "மெக்கானிக் ஷெட்ல இருக்குன்னீங்களே" என்றாள் அம்மா. "மெக்கானிக்குக்குத்தான் வித்தேன்" என்றார் அப்பா.

"ஏங்க, நடந்தா வர்றீங்க தினமும்?"

"தோளுக்கு நல்லதாம்."

"தோளைக் காட்டுங்க" என்றாள் ஜட்ஜம்மா. "கையைத் தூக்குங்க."

"தூக்கறேன்ல."

"அது தோளைத் தூக்கறது. கையைத் தூக்குங்க."

அவள் எழுந்து அவர் பின்னால் போய் நின்றாள். ஒரு கையை முதுகுப்பட்டையில் அழுத்தி வைத்துக்கொண்டு, மறு கையால் அவர் கையை மெதுவாக உயர்த்தினாள். தோள்மட்டம் வரை வந்தது, அதற்கு மேல் போகவில்லை. பக்கவாட்டில் கொஞ்சம் திருப்பிப் பார்த்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. வலிக்கும் இடத்துக்கு விரல் தானாகப் போனது. அப்பா முனகாமல் உட்கார்ந்திருந்தார். தையல் ஊசி குத்தினால் ஊரைக் கூட்டுகிற மனிதர்.

"இறுகிப் போயிருக்கு. உடைஞ்சதோ கிழிஞ்சதோ மாதிரி தெரியல. கொஞ்சம் கொஞ்சமா விடும், ஆனா ரொம்ப நாள் ஆகும். டாக்டர் என்ன சொன்னார்?"

"இதையேதான் சொன்னார். அவருக்குக் காசு வேற கொடுத்தேன்."

"பயிற்சி பண்றீங்களா?"

"தினமும்."

"பொய்" என்றாள் அம்மா.

அப்பா மகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து உட்கார வைத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அரம் பிடித்துக் காய்த்திருந்தது. "இந்தக் கையை வெச்சுக்கிட்டு நீ பிசிக்ஸ் படிக்கப் போறியா?" என்றார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன். சோத்துக்கு வழியில்லாமப் போனா அப்ப சொல்றேன், அப்ப வா. தச்சு வேலைக்காரர் பக்கத்துக் கடைக்கு வந்திருக்கார். சட்டம் தூக்கறது, திருப்பறதெல்லாம் அவர் பாத்துக்கறார். நான் தைக்கறது மட்டும்தான். வருமானம் குறையும், நின்னுடாது."

ஜட்ஜம்மாவுக்கு அங்கேதான் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் தியாகம் செய்ய வந்தவளை யாரும் மதிக்கவில்லை என்பது ஒரு பக்கம். அந்தக் கட்டிலில் கிடந்த வேறு போர்வை இன்னொரு பக்கம்.

"அப்புறம் எதுக்கு என் ரூமைக் குடுத்தீங்க? அந்த ரூமுக்கு என்ன வாடகை வரும்னு கணக்குப் போட்டுட்டேன். அந்த வாடகை என் மெஸ் பில்லுக்கே காணாது. அந்தக் காசுக்கா என் ரூமை யாருக்கோ தூக்கிக் குடுத்தீங்க? நான் லீவுக்கு வந்தா எங்க இருக்கறதுன்னு ஒருத்தருக்கும் தோணலையா?"  முதிர்ச்சி, அமைதி எல்லாம் பஸ்ஸிலேயே இறங்கிப் போயிருந்தது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அது அவர் யோசனை அல்ல என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"வாடகைக்காகன்னு யார் சொன்னா?" என்றாள் அம்மா.

கோட்டின் பித்தானைக் கழற்றி, மறுபடி போட்டாள். "ரூம் காலியா இருந்துச்சு. நான் தினமும் வேலை விட்டு வந்ததும் அதுல போய் உக்காந்துக்குவேன். நீ அன்னிக்குப் போன் பண்ணினப்ப கூட அங்கதான் இருந்தேன். அப்பாவுக்கு எப்படி இருக்குன்னு கேட்ட பாரு, அப்ப வந்துடுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. எப்படியோ முழுங்கிட்டேன். அடுத்த தடவை முழுங்குவேன்னு நிச்சயம் இல்ல. நான் வந்துடுன்னா நீ வந்துடுவ. கட்டில்ல ஒரு ஆள் படுத்திருந்தா எப்படிச் சொல்ல முடியும்? அதான் ஆளை வெச்சேன்."

அப்பா ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார். 

ஜட்ஜம்மா அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். ஃபோம் இல்லாத சோபாவில் அது கஷ்டமில்லை, சரிந்தாலே போதும். "எனக்கு அங்கதான் இருக்கணும்மா" என்றாள். "படிப்பு பிடிக்கலைன்னு சொல்லத்தான் வந்தேன். பொய். ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க ரெண்டு பேரையும் இந்த நிலைமையில விட்டுட்டு அங்க சந்தோஷமா இருக்கறதை நினைச்சா வெட்கமா இருக்கு."

"நல்லா வெட்கப்படு" என்றாள் அம்மா, அவள் தலையைக் கோதிக்கொண்டே. "வெட்கப்பட்டுக்கிட்டே படி. யார் வேண்டாம்னா?"

பிறகு மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். கல்லூரிப் பட்டறையில் சாயந்தர வேளைகளில் உதவிக்கு ஆள் எடுக்கிறார்கள், சொற்பம் என்றாலும் சம்பளம் உண்டு என்று ஜட்ஜம்மா சொன்னாள். அம்மாவின் சனிக்கிழமை தொடரும். அப்பா பயிற்சி செய்கிறாரா என்பதை இனிமேல் போனில் முகம் பார்த்துச் சரிபார்ப்பது என்று தீர்ப்பானது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் இடித்தது. ஆனால் தலையில் கை வைத்து உட்காரும் அளவுக்கு இல்லை.

இனி ஒரே சிக்கல், அவள் காலி செய்துவிட்டு வந்த விடுதிக் கட்டில். அதற்கு எப்போதும் போட்டி இருக்கும். யாருக்காவது கொடுத்திருந்தால் இவ்வளவு பேசியதும் வீண். "நான் கேட்டா வார்டன் திட்டுவாங்க" என்றாள் ஜட்ஜம்மா. முந்தின நாள் சாயந்தரம்தான், இனி வரவே மாட்டேன் என்று அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்து விடைபெற்றிருந்தாள்.

அம்மா போனை வாங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். வந்துவிட்டது அந்தக் குரல்.

"வணக்கம்மா. நான் அவளோட அம்மா பேசறேன். பொண்ணு கொஞ்சம் அவசரப்பட்டுட்டா. அவ படிப்பு அங்கதாம்மா. அந்தக் கட்டில் அவளுக்கே திரும்பக் கிடைச்சா பெரிய உதவியா இருக்கும்."

இதுவரை ஆயிரம் பேருக்கு இடம் இல்லை என்று சொன்ன குரல், மகளுக்காக ஓர் இடம் கேட்டு நின்றது. அதுவும் தன்னைவிட்டுத் தூரத்தில். சொல்லும்போது அம்மாவின் இன்னொரு கை மகளின் சட்டை நுனியை இறுகப் பிடித்திருந்தது.

வார்டன் அம்மாளுக்குக் காது மந்தம். அதனால் தன்னைப் போலவே எல்லோருக்கும் காது கேட்காது என்று நினைத்துக் கத்திப் பேசுவாள். "அட, அந்தக் கட்டில் காலியாத்தாம்மா இருக்கு. இன்னிக்கே கிளம்பி வந்தாலும் சரி" என்று அவள் சொன்னது அப்பாவுக்குக் கேட்டது, ஜட்ஜம்மாவுக்குக் கேட்டது, பக்கத்துக் கடைத் தச்சருக்கும் கேட்டிருக்கும்.

அம்மா நன்றி சொல்லி போனை வைத்தாள். மகளின் சட்டை நுனியை இன்னும் விடவில்லை. பிறகு, அதே இனிக்கும் குரலில், "கட்டில் இருக்காம். ஆனா ஞாயிற்றுக்கிழமைதான் காலியாகுமாம். அதுக்கு முன்னாடி வர வேண்டாம்னுட்டாங்க" என்றாள்.

அன்று வியாழக்கிழமை.

ஜட்ஜம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அதற்குள் தரைக்கு இறங்கி, குனிந்து நாடாவை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றார். "எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு."

"எனக்கும்" என்றாள் ஜட்ஜம்மா.